எந்த ஆண்டின் என்ஜின்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லீட்ஸில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, யார்க் நகரத்தின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தையும் பார்த்துவந்தோம். 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' என்ற நீராவி என்ஜின் 1923இல் கட்டப்பட்டது என்று படித்துவிட்டு ஆசையாகத் தொட்டுப் பார்த்தேன். அங்கிருந்த தன்னார்வலர் ஒருவர் பேச்சுவாக்கில், அதில் 1923ஆம் ஆண்டின் இரும்பு கொஞ்சம்தான் மிச்சம் என்றார். அடுத்து, தலைமுதல் கால்வரை சிவப்புக் கவசம் போட்டு நின்ற 'டச்சஸ் ஆஃப் ஹாமில்டன்'. அந்தக் கவசமே 2009இல் செய்ததாம். எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பழைய பெயரை மட்டும் வைத்துக்கொள்வது போலி இல்லையா? அப்புறம், வெறும் 5 ஆண்டுகள் ஓடிய 'ஈவ்னிங் ஸ்டார்' என்ஜினுக்கு அங்கே என்ன இடம்?

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் போலி என்ற சொல் இங்கே பொருந்தாது.

நீராவி என்ஜினில் பாய்லர்தான் முதலில் சீக்கு பிடிக்கும் உறுப்பு. தண்ணீரின் உப்பு உள்ளே படியும், குழாய்கள் அரிக்கும், தகடுகளில் விரிசல் விழும். அடிச்சட்டத்தையும் சக்கரத்தையும் சரிபார்க்க ஆகும் நாட்களைவிட பாய்லரைச் செப்பனிட அதிக நாள் பிடிக்கும். அத்தனை நாளும் என்ஜினைச் சும்மா நிறுத்திவைக்க எந்த ரயில்வேயும் சம்மதிக்காது. அதனால் பணிமனையில் தயாராக இருக்கும் வேறொரு பாய்லரை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இதன் பாய்லர் பழுது நீங்கியதும் இன்னொரு என்ஜின்மேல் ஏறும். அதாவது உறுப்பு மாற்றுவது அருங்காட்சியகம் தொடங்கிவைத்த வேலை அல்ல. ஓடிய காலத்திலேயே அப்படித்தான்.

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனையே எடுத்துக்கொள்வோம். நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து 1923இல் டான்காஸ்டரில் கட்டியபோது அது ஏ1 வகை; பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 180 பவுண்டு. 1928இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 392 மைல் நிற்காமல் போகும் சேவை தொடங்கியபோது, ஓடிக்கொண்டே டிரைவரும் ஃபயர்மேனும் ஆள் மாறுவதற்காக உள்ளே நடைபாதை வைத்த டெண்டரை, அதாவது நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியை, இதற்குப் பூட்டினார்கள். 1934இல் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டது. 1947இல் 220 பவுண்டு பாய்லரோடு ஏ3 வகையாக மாறியது. 1950களின் இறுதியில் இரட்டைப் புகைபோக்கி வந்தது; அதனால் புகை தாழ்வாகப் படிந்து டிரைவரின் பார்வையை மறைக்க, 1961இல் முன்பக்கம் இரண்டு புகைத்தடுப்புத் தகடுகள் வந்தன. நீங்கள் பார்த்திருப்பீர்கள், முகத்தின் இருபுறமும் காதுபோல நிற்குமே, அவைதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்களை வரிசையாகச் சொன்னாலே அது இங்கிலாந்து ரயில்வேயின் 40 ஆண்டு வரலாறாகிவிடும்.

ஓய்வுபெற்ற பிறகும் அதன் கதை ஓயவில்லை. 1963இல் ஆலன் பெக்லர் என்பவர் 3,000 பவுண்டுக்கு வாங்கினார். 1969இல் அமெரிக்கா கொண்டுபோய், பணம் தீர்ந்து, திவாலானார். 1973இல் வில்லியம் மெக்கால்பைன் அதை மீட்டு ஊருக்குக் கொண்டுவந்தார். 1989இல் ஆஸ்திரேலியாவில் 422 மைல் நிற்காமல் ஓடி நீராவி வண்டிகளின் உலக சாதனையை வைத்தது. 2004இல் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டித்தான் அருங்காட்சியகம் வாங்கியது. 2016இல் மறுபடி ஓடத் தொடங்கும்போது இரட்டைப் புகைபோக்கி, காது, பிரிட்டிஷ் ரயில்வேயின் பச்சை, 60103 என்ற எண் எல்லாம் 1960களின் தொடக்கத்துக்குரியவை. ஆக நீங்கள் தொட்டது 1923ஐ அல்ல, அதன் கடைசிப் பணிக்காலத்தை. இதைப் பெயர்ப்பலகையிலேயே பெரிதாக எழுதிவிட்டால் உங்களுக்கு இந்த ஏமாற்றமே வந்திருக்காது. கட்டிய ஆண்டை மட்டும் சொன்னால் போதாது, எந்த ஆண்டின் தோற்றத்தில் நிற்கிறது என்றும் சொல்லவேண்டும். எந்த அருங்காட்சியகமானாலும் நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

இப்போது டச்சஸ். இந்த விஷயத்தில் பாதி உங்கள் பக்கம் நிற்கிறேன்.

1938இல் க்ரூ பணிமனையில், காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதற்கான சிவப்புக் கவசத்தோடுதான் அது பிறந்தது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு 'கொரனேஷன்' என்ற என்ஜினை அனுப்புவதாக ஏற்பாடு. ஆனால் போனது இது. இரண்டும் பெயரையும் எண்ணையும் மாற்றிக்கொண்டன. அமெரிக்கர்கள் கொரனேஷன் என்று நினைத்து வியந்து பார்த்தது டச்சஸ் ஆஃப் ஹாமில்டனைத்தான். அதற்குள் போர் மூண்டு, 1942 வரை திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டது. ஊருக்கு வந்து தன் பெயரைத் திரும்பப் பெற்றது. கவசம் பழுதுபார்ப்பவர்களுக்குப் பெரிய இடைஞ்சல். அன்றாட வேகத்தில் அதனால் பெரிய லாபமும் இல்லை. 1947இல் கழற்றிப்போட்டார்கள். 1964இல் பணி முடிந்து காயலான் கடைக்குப் போகவேண்டியதை பட்லின் நிறுவனம் வாங்கி, மைன்ஹெட் ஊரில் இருந்த தன் விடுமுறை முகாமில் நிறுத்தியது. 10 ஆண்டுக்கு மேல் குழந்தைகள் அதைச் சுற்றி விளையாடினார்கள். இன்று அது இருப்பதற்கே காரணம் அந்த விடுமுறை முகாம்தான்.

2009இல் புதுக் கவசம் போட்டதும், கவசமில்லாமல் ஓடிய 1947க்குப் பிந்தைய ஆண்டுகளும் மைன்ஹெட் ஆண்டுகளும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டன. கவசம் அழகு, செய்தவர்களின் கைத்திறனும் பெரிது, மறுக்கவில்லை. ஆனாலும் உழைத்த உடம்பை அப்படியே காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அப்படிக் காட்டியதற்கு 'ராக்கெட்' என்ற என்ஜின் நல்ல உதாரணம். எந்த என்ஜின் சிறந்தது என்று பார்க்க 1829இல் நடந்த ரெயின்ஹில் போட்டியில், தந்தையும் மகனுமான ஸ்டீபன்சன்களின் ராக்கெட் 500 பவுண்டு பரிசை வென்றபோது மஞ்சள் நிறம், நீராவியின் விசையால் சக்கரத்தை ஓட்டும் சிலிண்டர்கள் சாய்ந்து நிற்கும். பாய்லருக்குள் 25 செப்புக் குழாய்கள் வழியே சூடான புகை போனதுதான் அதன் வெற்றியின் ரகசியம். ஆனால் ஓரிரு ஆண்டுகளிலேயே சிலிண்டர்களை கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் இறக்கிவிட்டார்கள். சாய்வாக இருந்தபோது வண்டி அப்படி ஆடியது. முன்னால் புகைப்பெட்டியும் சேர்ந்தது. 1836இல் 300 பவுண்டுக்கு விற்கப்பட்டு, நிலக்கரிச் சுரங்கப் பாதையில் ஓடியது. 1862இல் லண்டனில் ஓர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அன்றுமுதல் இன்றுவரை அதை மஞ்சளாக்கவில்லை, சிலிண்டரைத் திரும்ப ஏற்றவில்லை. கறுத்துப்போய், பல உறுப்புகள் இல்லாமல் நிற்கிறது. 1829இல் எப்படி இருந்தது என்று காட்ட தனியாக மாதிரிகள் செய்தார்கள். பாடபுத்தகப் படத்தை நினைத்துக்கொண்டு அதைப் பார்ப்பவர்களுக்கு முதலில் சப்பென்று இருக்கும். எனக்கு உலகத்திலேயே மிக நேர்மையான காட்சிப்பொருள் அதுதான்.

யார்க்கில் 'காப்பர்நாப்' என்ற சின்ன என்ஜினைக் கவனித்தீர்களா? ஃபர்னஸ் ரயில்வேயின் 3ஆம் எண், 1846இல் கட்டியது. பின்பக்கம் செப்புக் குவிமாடம் மின்னும், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஓய்வுக்குப் பிறகு பாரோ ரயில் நிலையத்தில் கண்ணாடிக் கூண்டில் வைத்திருந்தார்கள். 1941இல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது சிதறல்கள் அதன்மேல் பாய்ந்தன. அந்தக் காயங்களை மூடாமல் விட்டிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் தகடு உள்வாங்கிக் கிழிந்திருக்கும் இடங்கள் தெரியும். அரை நூற்றாண்டு ஓடியபோது கிடைக்காத காயம் அதற்குக் கண்ணாடிக்குள் நின்றபோது கிடைத்தது.

ஈவ்னிங் ஸ்டார் பற்றிக் கேட்டீர்கள். அந்த 5 ஆண்டுகள்தான் அதை வைத்திருப்பதற்கே காரணம். இனி டீசலும் மின்சாரமும்தான் என்று 1955லேயே திட்டம் போட்டாயிற்று. ஆனாலும் நீராவி என்ஜின்கள் கட்டுவது நிற்கவில்லை. 251 சரக்கு என்ஜின்கள் கொண்ட 9எஃப் வகையில் கடைசியாக, பிரிட்டிஷ் ரயில்வேக்கே கடைசி நீராவி என்ஜினாக, 1960 மார்ச்சில் ஸ்விண்டனில் இதற்குப் பெயர் சூட்டினார்கள். சரக்கு என்ஜினுக்குக் கறுப்புதான் வழக்கம். இதற்கு மட்டும் பயணிகள் என்ஜினின் பச்சை, புகைபோக்கிக்குச் செப்புப் பூண். பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடிய இயந்திரம், 1965 மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. 1968 ஆகஸ்டில் பிரதான பாதைகளில் நீராவியே முடிந்தது. ஓர் அரசு நிறுவனம் தானே கட்டியதைத் தானே எவ்வளவு அவசரமாகத் தூக்கிப்போட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கட்டும்போதே பாதுகாக்கவேண்டும் என்று குறித்துவைத்ததால் இது பிழைத்தது. இதன் உடன்பிறப்புகளில் பெரும்பாலானவை உருக்காலைக்குப் போயின.

1906இல் ஸ்விண்டனிலேயே, இடத்தை அடைக்கிறது என்று சொல்லி, அதுவரை பத்திரமாக வைத்திருந்த 'நார்த் ஸ்டார்', 'லார்ட் ஆஃப் தி ஐல்ஸ்' என்ற பழைய என்ஜின்கள் இரண்டையும் உடைத்துப்போட்டார்கள். இருக்கிற பழசைக் காப்பாற்றுவதே பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தமுறை தங்கை வீட்டுக்குப் போனால் ஷில்டனுக்கும் போய்வாருங்கள். லீட்ஸிலிருந்து டார்லிங்டன் வரை ஒரு வண்டி, அங்கிருந்து பிஷப் ஆக்லண்ட் போகும் வண்டி. யார்க் அருங்காட்சியகத்தின் இன்னொரு கிளை அங்கே இருக்கிறது; ராக்கெட்டையும் அங்கேதான் கொண்டுபோயிருக்கிறார்கள். ரெயின்ஹில்லில் அதனோடு போட்டியிட்டுத் தோற்ற திமோத்தி ஹாக்வொர்த்தின் 'சான் பரேல்' என்ஜினும் அங்கே உண்டு. போட்டியில் அதன் சிலிண்டர் ஒன்று விரிசல் விட்டுவிட்டது. அந்தச் சிலிண்டர்களை வார்த்துக்கொடுத்தது ஸ்டீபன்சனின் பட்டறைதான். ஆனால் தோற்ற என்ஜின் ராக்கெட்டைவிட அதிக காலம் உழைத்தது. கடைசியில் ஒரு சுரங்கத்தில் நின்ற இடத்திலேயே வேலை செய்து 1863இல்தான் ஓய்வுபெற்றது. இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.