ஸ்பொன்சரில் வந்தவர் முதலில் எடுக்க வேண்டிய பத்திரம் எது?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கணவரின் ஸ்பொன்சரில் நிரந்தர வதிவாளராகக் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து சில வாரங்களாகின்றன. வாடகை ஒப்பந்தம், மின்கட்டணப் பட்டியல் எல்லாமே கணவரின் பெயரில் இருப்பதால், சுகாதார அட்டை எடுக்கப் போனபோது என் பெயரில் முகவரி ஆதாரம் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் பெயருடன் உள்ள தகப்பனாரின் பெயரை எடுத்துவிட்டுக் கணவரின் பெயரைச் சேர்க்க வேண்டுமா? இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழாவிட்டால் வதிவிட உரிமை போய்விடும் என்று உறவினர் சொல்வது உண்மையா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: முகவரி ஆதாரம் இல்லாமல் நிற்பவர், வேலைக்கும் அரசுக் கொடுப்பனவுகளுக்கும் தேவைப்படும் சமூகக் காப்புறுதி எண்ணிலிருந்து (SIN) தொடங்குவதே நல்லது. மத்திய அரசின் சேவை நிலையமான சேர்விஸ் கனடா அலுவலகத்துக்கு நேரில் சென்று, நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரத்தையும் கடவுச்சீட்டையும் காட்டினால், ஒன்பது இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணைக் கட்டணமின்றிப் பெரும்பாலும் அன்றைக்கே தந்துவிடுவார்கள். அடுத்து, உங்கள் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்குத் திறவுங்கள். வேலை இல்லை, வைப்பிலிடப் பணம் இல்லை என்ற காரணங்களுக்காக வங்கி உங்களை மறுக்க இந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. கணவருடன் கூட்டுக் கணக்கு இருந்தாலும் இதை வற்புறுத்தியே சொல்கிறேன்; ஏனென்றால் வங்கி மாதந்தோறும் உங்கள் பெயருக்குத் தபாலில் அனுப்பும் கணக்கறிக்கை, சுகாதார அட்டைக்கு முகவரி ஆதாரமாக ஏற்கப்படும். இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று வங்கியில் சொன்னாலும், தபாலில் அனுப்பும்படி கேட்டு வாங்குங்கள். அதுவரை பொறுத்திருக்க முடியாவிட்டால், வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் சேர்த்துத் தரும்படி வீட்டு உரிமையாளரிடம் கேட்கலாம். சுகாதார அட்டையின் காப்புறுதிக்காகப் புதிதாக வருவோருக்கு முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பை ஒன்ராறியோ மாகாண அரசு 2020 மார்ச்சில் நீக்கிவிட்டது.

நிரந்தர வதிவாளருக்குரிய பி.ஆர். அட்டைக்காக, நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் உங்கள் கனடிய முகவரி குடிவரவுத் திணைக்களத்திடம் சேர்ந்திருக்க வேண்டும். தவறினால் தனியாக விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்த நேரிடும். அட்டை கைக்கு வருமுன் ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்; உறுதிப் பத்திரத்தைக் காட்டி மீண்டும் கனடாவுக்கு விமானம் ஏற முடியாது.

கணவரின் பெயரைச் சேர்த்தேயாக வேண்டும் என்று இங்கே எந்தச் சட்டமும் இல்லை. தகப்பனாரின் பெயரோடு வாழ்நாள் முழுவதும் இருக்கலாம். மாற்றவே விரும்பினாலும், கடவுச்சீட்டில் உள்ள பெயரிலேயே எல்லா அட்டைகளையும் முதலில் எடுத்து முடியுங்கள். ஓர் ஆவணத்தில் ஒரு பெயரும் மற்றொன்றில் வேறு பெயரும் இருந்தால், ஒவ்வோர் அலுவலகத்திலும் அதற்கு விளக்கம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். வருமானம் எதுவும் இல்லாவிட்டாலும், வருகிற ஏப்ரல் 30க்குள் கனடாவுக்கு வந்த தேதியைக் குறிப்பிட்டு வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யுங்கள். அரசு தரும் கொடுப்பனவுகள் அதை வைத்தே கணக்கிடப்படுகின்றன.

உறவினர் சொல்வது பழைய விதி. வாழ்க்கைத்துணையாக வருவோரில் ஒரு பகுதியினருக்கு 2012 அக்டோபரில் விதிக்கப்பட்ட அந்த இரண்டாண்டு நிபந்தனை, துன்புறுத்தும் வீட்டில் பெண்களைக் கட்டிப்போடுகிறது என்ற கண்டனத்துக்குப் பின் 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. உண்மையான திருமணத்தின் பேரில் வந்த உங்கள் வதிவிட உரிமையைப் பிரிவின் காரணமாகக் கணவரோ அவருடைய குடும்பத்தினரோ பறிக்க முடியாது. உங்களைப் பராமரிப்பதாகக் கணவர் எழுதிக்கொடுத்த மூன்றாண்டுப் பொறுப்பு, பிரிந்தாலும் அவரையே சேரும். ஆகவே கடவுச்சீட்டு, உறுதிப் பத்திரம், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்பிரதிகளை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். வீட்டில் எவர் கேட்டாலும் நகலைக் கொடுங்கள்.