பூ மட்டும் போதாது: வண்ணத்துப்பூச்சித் தோட்டம், வாசகர் கேள்விகள்

இட்லிப்பூ பூத்துக் குலுங்குகிறது. வண்ணத்துப்பூச்சி தேன் குடித்ததும் பறந்துவிடுகிறது. இன்னும் எந்தப் பூச்செடி வைக்கலாம்? (செந்தூல்)

பூச்செடி இருக்கிறது, இனி புழு தின்னும் இலை வேண்டும். அந்தச் செடியைத் தேடித்தான் தாய்ப்பூச்சி முட்டையிடும். கறிவேப்பிலை, கஸ்தூரி எலுமிச்சை, முள்சீத்தா, எருக்கு, சரக்கொன்றை எனச் செடிக்கேற்ற பூச்சி வரும். இடம் குறைவென்றால் முதல் இரண்டும் போதும். நான்கைந்து மணி நேரமாவது நேரடி வெயில் படட்டும்.

கறிவேப்பிலையைப் புழு மொட்டையடிக்கிறது. மருந்து அடிக்கலாமா? (ஆயர் ஈத்தாம்)

தயவுசெய்து வேண்டாம். சின்னதில் பறவை எச்சம் போலவும், வளர்ந்ததும் பச்சையாகவும் இருக்கிறதா? அதுதான் கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு வரும் கறிவேப்பிலை அழகி. வேப்பெண்ணெய் தெளித்தாலும் புழு சாகும்.

இரண்டு செடி வையுங்கள். சமையலுக்கான செடியை மெல்லிய வலையால் மூடுங்கள். வலை இலையில் படக்கூடாது, பட்டால் வெளியிலிருந்தே முட்டையிட்டுவிடும். மற்றது புழுவுக்கு. 12 அங்குலச் சாடியில் உள்ள செடி மூன்று நான்கு பெரிய புழுக்களுக்கு மேல் தாங்காது. மிஞ்சியவற்றை இலையோடு கிள்ளி எலுமிச்சைச் செடிக்கு மாற்றலாம், அதையும் தின்னும். மொட்டையான செடி, வேர் நன்றாக இருந்தால், மீண்டும் துளிர்க்கும். கொழுத்த புழு திடீரெனக் காணாமல் போனால் பதறாதீர்கள். பக்கத்துக் குச்சியிலோ சுவரிலோ கூட்டுப்புழுவாகித் தொங்கும். அதைத் தொடாமல் விட்டால் பத்து நாளையொட்டி பூச்சி வெளிவரும்.

நர்சரியில் வாங்கிய மில்க்வீட் (எருக்கு இனப் பாற்செடி) இலையைத் தின்ற புழுக்கள் செத்துவிட்டன. (பட்டர்வொர்த்)

விற்பனைக்கு முன் போட்ட பூச்சிமருந்து சாற்றில் ஊறியிருந்திருக்கலாம். அப்படியானால் கழுவிப் பயனில்லை. தண்டை வெட்டி, மண்ணை மாற்றி, வலைக்குள் ஓரிரு மாதம் புதிதாகத் துளிர்க்க விடுங்கள். விதையிலிருந்து வளர்ப்பது இன்னும் நல்லது. வெட்டும்போது கையுறை போடுங்கள், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. மில்க்வீட் தேடி வரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கும் ஏற்றது.

மார்க்கிசா (பேஷன் ஃப்ரூட்) கொடி பூக்கிறது, காய்க்கவில்லை. (பிரிக்பீல்ட்ஸ்)

மஞ்சள் வகை தன் மகரந்தத்தால் காய்க்காது. வேறொரு விதையில் முளைத்த இரண்டாம் கொடி வேண்டும். மகரந்தம் சுமக்கும் பெரிய கருவண்டு காய்ந்த மரத்தில் துளையிட்டுத்தான் குடியிருக்கும், பட்ட கட்டையை எறியாதீர்கள். வண்டு வரவில்லையென்றால் மதியத்துக்குமேல் பூ விரிந்ததும் தூரிகையால் ஒரு கொடியின் மகரந்தத்தை மற்றதன் சூல்முடியில் தடவுங்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குத் தண்ணீர்த் தட்டு வைக்கலாமா? (ஜெலுத்தோங்)

தேங்கும் நீர் டிங்கிக் கொசுவுக்குத்தான் உதவும். தட்டில் மணல் நிரப்பி ஈரமாக்கி, ஒரு சிட்டிகை உப்பு தூவினால் போதும். புகைமருந்து அடிக்கும் நாளில் சாடிகளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள்.