நோயைக் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியுமா?

சேலத்திலிருந்து வந்திருக்கும் கடிதம் இது. ஆள் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதியவர் 29 வயது ஆண். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு பார்க்கிறார். செல்போன் செயலி ஒன்றில் பழக்கமான ஓர் ஆணோடு ஏற்காட்டில் காட்டேஜ் எடுத்து ஒரு ராத்திரி தங்கியிருக்கிறார். இரண்டு பேருமே செயலியில் வைத்திருந்தது புனைபெயர். நிஜப் பெயரை இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் பிறப்புறுப்பில் வலியில்லாத ஒரு புண். அப்புறம் அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய். காட்டேஜ் வாடகையில் பாதியை அந்த நபர் ஜிபேயில் அனுப்பியிருந்தார். திரையில் அவருடைய நிஜப் பெயர் இனிஷியலோடு வந்துவிட்டது. அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, "2 லட்சம் கொடு, இல்லாவிட்டால் உன் வீட்டுக்கும் ஆபீசுக்கும் சொல்லுவேன், போட்டோவை எல்லா குரூப்பிலும் போடுவேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். அவர் 10,000 ரூபாய் அனுப்பிவிட்டு பிளாக் செய்துவிட்டார். இவருக்கு வருகிற தை மாதம் கல்யாணம். "என் வாழ்க்கையைக் கெடுத்தவனை உள்ளே தள்ள வேண்டும். எந்தச் செக்‌ஷனில் புகார் கொடுப்பது?" என்று கேட்கிறார்.

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி அந்த நபர் எப்படி இனிக்க இனிக்கப் பேசினார், பிறகு எப்படி மாறினார் என்பதுதான். அது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் வழக்குக்கு அதில் ஒரு வரிகூட உதவாது. சட்டத்துக்குத் தெரிய வேண்டியது இதுதான்: உங்களுக்கு ஏதாவது நோய் இருக்கிறதா என்று நீங்கள் அவரிடம் கேட்டீர்களா? தனக்கு இருக்கிறது என்று தெரிந்தே அவர் இல்லை என்று பொய் சொன்னாரா? அதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

கேட்கவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெயரையே கேட்டுக்கொள்ளாத சந்திப்பு அது. அந்த இடத்திலேயே உங்கள் வழக்கு முக்காலும் போய்விட்டது.

இது இன்றைக்கு வந்த கேள்வி இல்லை. 1886-லேயே பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. சிபிலிஸ் இருந்த ஒரு பெண்ணிடம் போய் நோயை வாங்கிக்கொண்டவரின் விவகாரம். தொற்றைப் பரப்பும் குற்றப் பிரிவில் அந்தப் பெண்ணைத் தண்டிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. நோய் இல்லை என்று பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் மோசடி என்று பார்க்கலாம், அவ்வளவுதான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் அந்த 269, 270 பிரிவுகள்தான், இப்போது அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 271, 272 என்று இருக்கின்றன. கவனக்குறைவுக்கு 6 மாதம் வரை, கெட்ட எண்ணத்தோடு செய்தால் 2 ஆண்டு வரை. இரண்டிலுமே, தொற்று பரவும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்கக் காரணம் இருக்க வேண்டும். அவர் அதற்கு முன் ரத்தம் கொடுத்துப் பார்த்தாரா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. சிபிலிஸ் தொற்றி 10 முதல் 90 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் புண் வரலாம். அதே மூன்று மாதத்தில் வேறு இரண்டு பேரையும் சந்தித்ததாகக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எதிர்த் தரப்பு வக்கீல் கூண்டில் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மூன்று பேரில் யார் கொடுத்தது என்று எந்த டாக்டராலும் சர்டிபிகேட் தர முடியாது. நீங்களே அவருக்குக் கொடுக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

எனவே அவர் மேல் புகார் வேண்டாம். இனி உங்கள் மேல் வரக்கூடிய புகாரைப் பற்றிப் பேசுவோம். இந்தப் பதிலை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

நீங்கள் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் செய்தியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தொகை இருக்கிறது, மிரட்டல் இருக்கிறது, "ஞாயிற்றுக்கிழமைக்குள்" என்று கெடுவும் இருக்கிறது. அடுத்த வரியிலேயே உங்கள் ஜிபே நம்பர். மிரட்டிப் பணம் பறித்தல் என்ற குற்றத்துக்கு ஒரு போலீஸ்காரர் தேடித் தேடிச் சேர்க்க வேண்டிய அத்தனையையும் நீங்களே ஒரே செய்தியில் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். பணம் வராமல் மிரட்டலோடு நின்றிருந்தால் அதே சன்ஹிதாவின் 308(3) பிரிவு, 2 ஆண்டு வரை, ஜாமீனில் விடக்கூடியது. ஆனால் 10,000 ரூபாய் உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. அது 308(2). 7 ஆண்டு வரை தண்டனை, ஜாமீனில் விட முடியாத குற்றம். பழைய சட்டத்தில் இது 3 ஆண்டாக இருந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து 7.

என்னிடம் வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். பாதிக்கப்பட்டவர் என்ற நினைப்பில் எதைச் செய்தாலும் நியாயம் என்று எண்ணிவிடுகிறார்கள். "என் செலவைத்தானே கேட்டேன்" என்பார்கள். உண்மையிலேயே பாக்கி இருந்தாலும், அதை வாங்க ஒருவருடைய ரகசியத்தைத் தூக்கிப் பிடித்து மிரட்டினால் பாக்கி பின்னால் போய்விடும், மிரட்டல் முன்னால் வந்து நிற்கும். அதிலும் சிபிலிஸுக்கு ஆரம்ப நிலையில் தேவைப்படுவது பெரும்பாலும் 24 லட்சம் யூனிட் பென்சாத்தின் பென்சிலின் ஒரே ஒரு தடவை. அரசு மருத்துவமனையில் அது இலவசம். 2 லட்சத்துக்கு என்ன கணக்கு காட்டுவீர்கள்?

அவர் புகார் கொடுக்க மாட்டார், கொடுத்தால் அவர் விஷயமும் வெளியே வந்துவிடும் என்று நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கையை விடுங்கள். வயது வந்த இரண்டு ஆண்கள் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு குற்றம் இல்லை. அவருக்குச் சட்டத்தில் பயம் எதுவும் இல்லை, ஊருக்குத்தான் பயம். மிரட்டல் தாங்க முடியாத அளவுக்குப் போனால் அந்தப் பயமும் விட்டுப்போகும். ஒரு நாள் அண்ணனையோ நண்பரையோ கூட்டிக்கொண்டு சைபர் கிரைம் போலீசில் போய் உட்கார்ந்துவிடுவார். அவர் கையில் ஸ்கிரீன்ஷாட், பணம் போன ரசீது. உங்கள் கையில் என்ன இருக்கிறது? சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனையின், அதாவது வி.டி.ஆர்.எல்.-இன் ரிப்போர்ட். அது உங்களுக்கு நோய் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும்.

போட்டோவை குரூப்பில் போடும் யோசனை இன்னும் இருந்தால் இந்த நிமிஷமே விடுங்கள். "மற்றவர்களை எச்சரிக்கத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவதூறுப் பிரிவான 356-இன் விளக்கத்தில், ஒருவருடைய உடல் அருவருக்கத்தக்க நிலையில் இருப்பதாகப் பிறரை நம்பவைப்பதும் அவதூறுதான் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. உண்மை என்றால் மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் நிரூபிக்க வேண்டும். பணம் கேட்டுக் கிடைக்காத பிறகு சொன்னதை எந்த நீதிபதி பொதுநன்மை என்று ஏற்பார்? அந்தரங்க உறுப்பு தெரியும் படமாக இருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ தனியாக வரும், 3 ஆண்டு வரை. இதெல்லாம் உங்களுக்கு வரும் கேடு. ஏற்காடு மாதிரி எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில், அல்லது அம்மாபேட்டையில் ஒரு தெருவில், ஒருவருடைய பெயர் இப்படி வெளியே வந்தால் அவர் உயிரோடு இருப்பாரா என்பதே சந்தேகம். அந்தப் பாவத்தைத் தூக்கிச் சுமக்க உங்களால் முடியாது.

சரி, அவருக்குத் தெரிவிக்கவே கூடாதா? கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அவருக்கு மட்டுமல்ல, மற்ற இரண்டு பேருக்கும். அவர்களில் யாருக்காவது தொற்று இருந்து, தெரியாமல் விட்டால், ஆண்டுகள் கழித்து மூளையையும் இதயத்தையும் அது தொடும். நீங்கள் உறவு வைத்துக்கொண்ட கூட்டாளிகளை அழைத்து வரும்படி உங்கள் டாக்டர் சொன்னதை நீங்கள் விசாரணை மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். அது விசாரணை இல்லை. சிபிலிஸ் வந்தவர் தன் கூட்டாளிகளின் பெயரைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. பால்வினை நோய்ப் பிரிவில் இருக்கும் ஆலோசகரிடம் சொன்னால் கூட்டாளிக்குக் கொடுக்கப் பரிசோதனைச் சீட்டு தருவார். செயலியில் புனைபெயரிலேயே இரண்டு வரி அனுப்பினால் போதும்: "எனக்கு சிபிலிஸ் என்று வந்திருக்கிறது. நீங்களும் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்." பணம், கோபம், யார் கொடுத்தது என்ற பேச்சு, எதுவும் அதில் வரக்கூடாது. உங்களை பிளாக் செய்தவருக்கு வேறு நம்பரிலிருந்து நீங்களாக அனுப்ப வேண்டாம். கீழே சொல்கிறபடி வக்கீல் மூலமாகப் போகட்டும்.

எச்.ஐ.வி.க்கு மட்டும் தனிச் சட்டம் இருக்கிறது. 2017-இல் வந்து 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம். அதிலும்கூட, ஆலோசனை சொல்லியும் நோயாளி தன் கூட்டாளியிடம் சொல்ல மாட்டார், கூட்டாளிக்குத் தொற்றும் ஆபத்து அதிகம் என்று உறுதியானால் மட்டுமே டாக்டரோ ஆலோசகரோ, சொல்லப் போவதை நோயாளிக்குத் தெரிவித்துவிட்டு, கூட்டாளியிடம் நேரில் சொல்லலாம். கூட்டாளியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய கடமை டாக்டருக்கும் இல்லை. உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லை என்று வந்திருப்பது நல்லது. மூன்று மாதம் கழித்து, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் கல்யாணம். ரிப்போர்ட்டில் தேதி இருக்கிறதல்லவா? அந்தத் தேதியிலிருந்து "எனக்குத் தெரியாது" என்று உங்களால் சொல்ல முடியாது. அவர் மேல் போட ஆசைப்பட்ட அதே 271, 272 இனி உங்கள் பக்கம்தான் திரும்பி நிற்கிறது. சிகிச்சை முடிந்து, டாக்டர் சொல்லும் வரை யாரோடும் உறவு வேண்டாம். தொற்றும் நிலையில் பால்வினை நோய் இருப்பது இந்து திருமணச் சட்டம் 13-இன்படி விவாகரத்துக்கே காரணம். முக்கியமான விஷயத்தை மறைத்துச் சம்மதம் வாங்கினால் 12-ஆம் பிரிவில் திருமணமே செல்லாது என்று அந்தப் பெண் கேட்கலாம். நோய் ஊசியில் போய்விடும். ஆனால் உங்கள் நாட்டம் ஆண்கள் பக்கம் மட்டும்தான் என்றால், தேதி குறித்தாகிவிட்டது என்பதற்காக ஒரு பெண்ணை அதற்குள் இழுக்காதீர்கள். மண்டப முன்பணம் போனால் போகட்டும்.

அந்த 10,000 ரூபாய்க்கு வருகிறேன். சமாதானமாக முடித்துக்கொள்ளுங்கள், அதுவும் இந்த வாரமே. நீங்களே ஜிபேயில் திருப்பி அனுப்பிவிட்டு "மன்னிச்சிரு" என்று எழுதாதீர்கள். அது ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் ஏறும். வாட்ஸ்அப்பில் எதையும் அழிக்கவும் வேண்டாம். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் கிரிமினல் பார்க்கும் வக்கீல் ஒருவரைப் பிடித்து, ரிப்போர்ட், செய்திகள், வங்கிக் கணக்கு மூன்றையும் காட்டுங்கள். பணம் அவர் மூலமாகத் திரும்பட்டும், இனித் தொடர்புகொள்ள மாட்டேன், எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற கடிதத்தோடு. பரிசோதனைச் சீட்டும் அதே உறையில் போகட்டும். "புகார் கொடுக்க மாட்டேன்" என்று அவரிடம் எழுதி வாங்க முயலாதீர்கள், அந்தக் காகிதம் நிற்காது. ஒருவேளை அவர் ஏற்கெனவே புகார் கொடுத்துவிட்டார் என்றால், 308(2) கீழ்க் கோர்ட்டில் இரண்டு பேரும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய பிரிவு இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் போய்த்தான் ரத்து கேட்க வேண்டும். அப்படி வழக்குப் பதிவாகியிருப்பது தெரிந்தால் பணத்தைத் திருப்புவதற்கும் முன்னால் சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் மனுவைப் போடச் சொல்லுங்கள்.