காமர்ஸ் படித்துவிட்டு மருத்துவத் துறைக்கு மாற முடியுமா?
அம்பாசமுத்திரத்தில் பிளஸ் டூ காமர்ஸ் முடித்த தங்கை, இனி டாக்டராக வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறது தங்கச்சி. தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் விதியைத் தளர்த்தியது. இயற்பியல், வேதியியல், உயிரியலைப் பிளஸ் டூவுக்குப் பிறகு கூடுதல் பாடங்களாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் படிக்கலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிக்கும் நீட்தான்.

நோயாளி பக்கத்தில் நிற்பதுதான் ஆசை என்றால், ஜி.என்.எம். (பொது நர்சிங், மகப்பேறு பராமரிப்புக்கான டிப்ளமோ) நர்சிங்கை யோசியுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எந்தப் பிரிவில் படித்தவரும், ஆங்கிலத்தோடு 40 சதவீதம் எடுத்திருந்தால் சேரலாம். கல்லூரியின் சேர்க்கை அறிவிப்பையும் வாசித்துவிடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வார்டில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டு எண்ணி டிரிப்ஸ் வேகத்தைச் சரிசெய்யும் நர்ஸைக் கவனியுங்கள். அதை இரண்டாம்தர வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.