எட்டுப் பேர் தங்கிய கேபின், ஒருவர் பெயரில் கடன்

கேள்வி: எனக்கு 31 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் டெக்னீஷியன். சம்பளம் 3,100 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பழகிய நாங்கள் எட்டுப் பேர் வருடத்துக்கு இரண்டு தடவை கேமரன் மலைக்குப் போவோம். ஃபோர்வீல் வண்டி மட்டும் ஏறக்கூடிய இடத்தில் ஒரு மரக் கேபின், மூன்று இரவு. எங்களில் என்னிடம்தான் கிரெடிட் கார்டு இருக்கிறது, அதனால் எல்லாவற்றுக்கும் நான்தான் கட்டுவேன். மே மாதப் பயணத்துக்கு 4,800 வெள்ளி ஆனது, தலைக்கு 600. மூன்று பேர் முழுதாகக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் பாதி கொடுத்தார்கள். இன்னும் இரண்டு பேர் ஒன்றுமே தரவில்லை, அதில் ஒருவர் என் மாமா மகன். கேட்டால் சொந்தத்தில் கசப்பு வரும் என்கிறார் அம்மா. கார்டில் இப்போது 9,200 நிற்கிறது. டிசம்பருக்கு மறுபடி புக் பண்ணச் சொல்கிறார்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஃபிளெக்ஸிபல் கணக்கில், அதாவது எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில், இருக்கும் 1,300-ஐ எடுக்கலாமா, பெர்சனல் லோன் போடலாமா? தலைக்கு 12,000 போட்டுக் கேபினில் பங்கே வாங்கிவிடலாம், வருடம் 8 சதவிகிதம் உறுதி என்று ஒரு நண்பர் சொல்கிறார். நவம்பரில் அரை மாத போனஸ் வரும். செயலியில் மாதம் 150 வெள்ளிக்குத் தங்கமும் வாங்குகிறேன். கார்டு ஸ்டேட்மெண்டுகளை இணைத்திருக்கிறேன்.
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, வரவு செலவு எழுதி வையுங்கள், அவசரத்துக்குச் சேமியுங்கள் என்ற பாடமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். அது தெரிந்தவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. நீங்கள் கேபினையும் மச்சானையும் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். நான் உங்கள் ஸ்டேட்மெண்டைப் பார்த்துக் கவலைப்படுகிறேன்.

மே மாதத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேபின் 2,400. வண்டி வாடகை 900. மிச்சம் 1,500 ஈப்போ சூப்பர்மார்க்கெட், பெட்ரோல், டோல், பார்பிக்யூ கோழி என்று போயிருக்கிறது. அடுத்த மூன்று மாதத்தில் நண்பர்கள் உங்களுக்கு மொத்தம் 2,400 அனுப்பியிருக்கிறார்கள். சரி, அந்த மூன்று மாதத்தில் நீங்கள் கார்டுக்குக் கட்டியது எவ்வளவு? 455, 460, 450. எப்போதும் கட்டும் அதே குறைந்தபட்சத் தொகை. நண்பர்கள் கொடுத்த 2,400-இல் ஒரு காசுகூடக் கூடுதலாகக் கார்டுக்குப் போகவில்லை.

எங்கே போனது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஊகிப்பது கஷ்டமில்லை. சனிக்கிழமை இரவு டுயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றத்தில் 200 வரும். ஞாயிறு காலை மார்க்கெட்டில் மீன் வாங்கி, மோட்டாருக்கு டயர் மாற்றி, திரும்பி வரும் வழியில் நாலு பேருக்குப் பசியாற வாங்கிக் கொடுத்தால் அது முடிந்தது. துண்டு துண்டாக வரும் பணம் கைச்செலவாகத்தான் கரையும். ஆக, பணம் கொடுக்காத மச்சானின் பங்கு மட்டுமல்ல, முழுதாகக் கொடுத்துவிட்ட மூன்று பேரின் பங்கும் இன்னும் உங்கள் கார்டில்தான் நிற்கிறது. உங்களைக் கெடுப்பது இந்தப் பழக்கம்: எல்லாருக்கும் முன்னால் நீங்கள் கட்டுவது, வருவதைக் கார்டில் போடாமல் செலவழிப்பது.

இதற்கு வட்டி எவ்வளவு தெரியுமா? நம் நாட்டில் 12 மாதம் தவறாமல் தேதிக்குள் குறைந்தபட்சத் தொகையைக் கட்டுபவருக்கு 15 சதவிகிதம், அடிக்கடி தவறுபவருக்கு 18. நீங்கள் 18-இல் இருக்கிறீர்கள்: தொகை சரி, தேதிதான் தவறுகிறது. 9,200-க்கு மாதம் சுமார் 138 வெள்ளி. நீங்கள் கட்டும் 460-இல் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு வட்டிக்கே சரியாகிறது. இன்னொன்று பலர் கவனிக்காதது: அந்த 20 நாள் வட்டியில்லாச் சலுகை, முந்தைய நிலுவையை முழுதாகக் கட்டியவருக்கு மட்டும்தான். நிலுவை வைத்திருக்கும் உங்களுக்குக் கேபின் முன்பணம் கார்டில் பதிவான நாளிலிருந்தே வட்டி ஓடும். நண்பர்கள் ஏழு பேரின் பங்கு 4,200. அதற்கு மாதம் 63 வெள்ளி வட்டி. நண்பர்களுக்கு வட்டியில்லாக் கடன், அதற்கு வட்டி நீங்கள்.

மலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குளிரில் மேகி சாப்பிட 600 வெள்ளி செலவழிப்பது அவரவர் விருப்பம். பொருளாளர் வேலையை மட்டும் இந்த டிசம்பரோடு விட்டுவிடுங்கள். போகும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே ஏழு பேரும் 600 அனுப்ப வேண்டும், கேபின்காரருக்கு வங்கிக் கணக்கிலிருந்து கட்ட வேண்டும், கார்டு வீட்டில் இருக்க வேண்டும். ஐந்து பேர்தான் அனுப்பினார்கள் என்றால் ஐந்து பேரோடு நீங்களும் போகிற அளவுக்குச் சின்ன இடம் பாருங்கள். கூட்டாகப் பணம் போடுவது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன? உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டித்தான் பங்கு சேர்த்தார்கள். அன்றைய தோட்டச் சம்பளத்தில் 10 வெள்ளி சும்மா இல்லை. அப்படியும் அவரவர் பங்குக்கு அவரவரே கட்டினார்கள்.

அப்புறம் மச்சான். அம்மா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வாட்சாப் குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டால் கசப்புதான் வரும், அதைச் செய்யாதீர்கள். தனியாகப் பார்த்து, "மச்சான், மே மாதக் கணக்கு 600 இருக்கு, மாசம் நூறாப் போட்டுடு" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால் அந்த 600-ஐ மறந்துவிடுங்கள், ஆனால் டிசம்பருக்கு அவர் பங்கு கையில் வந்த பிறகுதான் அவர் பெயர். இதை அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அத்தை வீட்டிலிருந்து போன் அவருக்குத்தான் வரும்.

இபிஎஃப் பணத்தைக் கேபினுக்காக எடுக்கவே கூடாது. கார்டுக்காக என்றால் என் பதில் வேறு. 2024-க்கு இபிஎஃப் தந்த லாப ஈவு 6.30 சதவிகிதம், உங்கள் கார்டு வாங்குவது 18. கணக்குப்படி 1,300-ஐ எடுத்துக் கார்டில் கட்டுவதே லாபம். ஆனால் நண்பர்களுக்குக் கட்டும் பழக்கத்தை நிறுத்திய பிறகு எடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் அடுத்த மே மாதம் கார்டும் நிறைந்திருக்கும், ஃபிளெக்ஸிபலும் காலியாகியிருக்கும்.

பெர்சனல் லோன் வேண்டாம். 8 சதவிகிதம் என்று விளம்பரத்தில் போடுவது ஃபிளாட் வட்டியாக இருக்கலாம், அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி. அப்படி 9,000 வெள்ளியை மூன்று வருடத்துக்கு எடுத்தால் வட்டி மட்டும் 2,160, மாதத் தவணை 310. குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அது 14, 15 சதவிகிதத்துக்கு வந்து நிற்கும். 18-ஐ விடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் லோன் வந்த அன்று உங்கள் கார்டு காலியாகிவிடும், காலியான கார்டைப் பார்த்தால் உங்கள் நண்பர்களுக்கு அடுத்த மலை ஞாபகம் வரும்.

செயலியில் தங்கம் வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். 18 சதவிகிதக் கடனை வைத்துக்கொண்டு, வாங்கும் விலை ஒன்று விற்கும் விலை ஒன்று என்றிருக்கும் பொருளில் மாதம் 150 போடுவது சேமிப்பு ஆகாது. அதைக் கார்டுக்குத் திருப்புங்கள்.

கேபின் பங்கு. இதற்கு நீளமாகப் பதில் சொல்லவே எனக்குப் பொறுமை இல்லை, இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். "வருடம் 8 சதவிகிதம் உறுதி" என்கிறார் உங்கள் நண்பர். இபிஎஃப்கூட வழக்கமான கணக்குக்குச் சட்டப்படி உறுதி தருவது 2.5 சதவிகிதம்தான். மலை உச்சியில் மரக் கேபின் வைத்திருப்பவர் 8-க்கு எதைக் கொண்டு உறுதி தருகிறார்? பொதுமக்களிடம் பணம் திரட்டி இப்படிப் பங்கு கொடுப்பவர்கள் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசிய நிறுவன ஆணையத்தில் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், நிலப் பட்டாவையும் கேளுங்கள். கேமரனில் நிறைய நிலம் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமத்தில் பயிரிடப்பட்டு வந்தது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய உரிமம் அது. இரண்டு தாளும் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வந்தாலும், 9,200 கடன் இருக்கும்வரை உங்களிடம் 12,000 கிடையாது.

இனி தோராயக் கணக்கு. போனஸ் 1,550: உங்கள் டிசம்பர் பங்கு 600, மீதி 950 கார்டுக்கு. ஃபிளெக்ஸிபல் 1,300. வர வேண்டிய 1,800-இல் பாதிதான் வரும் என்று வைத்துக்கொண்டால் 900. நிலுவை 6,050-க்கு இறங்கும். இப்போது கட்டும் 460-உடன் தங்கத்துக்குப் போகும் 150-ஐச் சேர்த்து மாதம் 600 என்று நிலையாகக் கட்டினால் பதினோரு மாதத்தில் முடியும், வட்டி 600-க்குள். இவை எதையும் செய்யாமல், 9,200-க்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டே போனால், புதிதாக ஒரு காசு செலவழிக்காமலே ஏறக்குறைய ஏழு வருடம் ஆகும், வட்டி 3,500-ஐத் தாண்டும். நிலுவை இறங்க இறங்க வங்கியிடம் சொல்லிக் கார்டின் வரம்பையும் குறைத்துக்கொள்ளுங்கள். இடையில் 600 கட்ட முடியாமல் திணறினால் கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே. அமைப்புக்குப் போங்கள், ஆலோசனை இலவசம்.

டிசம்பர் மழைக்காலம் என்பதை மறக்க வேண்டாம். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா ஏறும் சாலையில் மண் சரிந்தால் பயணமே ரத்தாகும். முன்பணம் திரும்புமா, வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்று கேபின்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திரும்பாது என்று அவர் சொன்னால், அந்த நஷ்டம் எட்டுப் பேருக்கும் சமமாகப் பிரியும் என்பதைப் பணம் கேட்டு நண்பர்களுக்கு அனுப்பும் முதல் செய்தியிலேயே போட்டுவிடுங்கள்.