சென்சாரும் புதுசு, திக்கலும் புதுசு

கேள்வி: அண்ணா, நான் வட சென்னை தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். சாப்பாடு டெலிவரி வேலை. 2021-இல் வாங்கிய 150 சிசி வண்டி, 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் மீட்டரில் மஞ்சள் இன்ஜின் லைட் எரிந்தது. ஓட்டத்தில் பெரிய குறை இல்லை, பெட்ரோல் மட்டும் கொஞ்சம் கூடக் குடித்தது. எங்கள் தெரு மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு" என்றார். ஜி.பி. ரோட்டில் 1,850 ரூபாய்க்கு வாங்கி வந்து கொடுத்தேன். மாட்டுவதற்கு லேபர் 300. லைட் அணைந்தது. ஆனால் மறுநாளிலிருந்து வண்டி திக்குகிறது. காலையில் எடுக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, டோல்கேட் தாண்டுவதற்குள் ஜர்க் அடிக்கிறது. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கிறது. மெக்கானிக், "பார்ட் டூப்ளிகேட்" என்கிறார். கடைக்காரர், "மாட்டினவர் தப்பு, எலெக்ட்ரிக் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது" என்கிறார். பில் என்று கொடுத்ததே ஒரு எஸ்டிமேட் சீட்டுதான். வேறு கடையில் இன்னொரு சென்சார் வாங்கி மாட்டிப் பார்க்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி. இன்னொரு 1,850 போன பிறகும் வண்டி இப்படியேதான் திக்கும் என்று நினைக்கிறேன். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

வண்டி சில்லென்று இருக்கும்போது நன்றாக ஓடி, சூடேறிய பிறகு திக்குகிறது என்கிறீர்கள். சைலன்சருக்குப் போகும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார், ஏறக்குறைய 300 டிகிரி சூடான பிறகுதான் ஒழுங்காகப் பேசும். அதுவரை இன்ஜின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ, சென்சாரைக் கேட்காமல் தன்னிடம் உள்ள கணக்கை வைத்தே பெட்ரோல் ஊற்றுகிறது. சென்சார் சூடாகிப் பேச ஆரம்பித்ததும் அதன் பேச்சைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. உங்கள் வண்டிக்கு அந்த நேரத்தில்தான் கோளாறு வருகிறது. அப்படியானால் ஈசியூவுக்குத் தப்பான சேதி போகிறது. சேதி சொல்கிறவனே பொய் சொல்கிறானா, இல்லை அவன் பார்ப்பதே தப்பாக இருக்கிறதா என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது அந்த டப் டப். இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே வளைந்து வரும் பெண்டு பைப்பில் எங்கோ காற்று ஒழுகினால் இப்படி வெடிக்கும். பல வண்டிகளில் சென்சார் இருக்கும் இடம் இடுக்கு. ஸ்பேனர் நுழைய இடம் வேண்டும் என்று பெண்டு பைப்பைத் தளர்த்தியோ கழற்றியோதான் வேலை செய்வார்கள். பைப்பும் இன்ஜினும் சேரும் இடத்தில் வளையம் மாதிரி ஒரு கேஸ்கட் இருக்கும். ஒரு தடவை நசுங்கி உட்கார்ந்த கேஸ்கட் கழற்றி மாட்டினால் மறுபடி சரியாக உட்காராது. அதற்கு நூறு ரூபாய்கூட ஆகாது, ஆனாலும் பழசையே திரும்பப் போட்டு முறுக்கிவிடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார், "ஐயோ, ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும். ஈசியூ நம்பி, இன்னும் ஊற்றும். ஏற்கெனவே சரியாக இருந்த கலவையில் மேலும் பெட்ரோல் சேர்ந்தால் ஐட்லிங் நிற்காது, ஜர்க் அடிக்கும், பிளக் கறுத்துப்போகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், முனை கரி பிடித்து மை மாதிரி இருந்தால் என் சந்தேகம் இன்னும் பலமாகும்.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. காலையில் வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது சென்சாரின் வயர் வந்து சேரும் கப்ளரை (மெக்கானிக் வாயில் கப்ளர்தான், சாக்கெட் என்றாலும் புரியும்) கழற்றி, பைப்பில் படாமல் டேப் போட்டு ஒதுக்கிக் கட்டிவிட்டு, அதே டோல்கேட் வரை ஓட்டுங்கள். இன்ஜின் லைட் எரியும், அது எரியத்தான் வேண்டும். திக்கல் நின்றுவிட்டதா? அப்படியென்றால் சென்சார், அதன் வயர், பெண்டு பைப் ஒழுகல், இந்த மூன்றுக்குள்தான் குற்றவாளி. அப்படியும் திக்கினால் சென்சாரை விட்டுவிடுங்கள். வேலை செய்யும்போது ஏர் ஃபில்டர் ஹோஸையோ, இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடி கிளிப்பையோ கழற்றி சரியாக மாட்டாமல் விட்டார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருநாள் சோதனைக்குத்தான் இது. கழற்றி வைத்தபடியே மாதக்கணக்கில் ஓட்டினால் பெட்ரோலும் போகும், சைலன்சருக்குள் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் கெடும். அதன் விலையைக் கேட்டால் சென்சார் விலை சில்லறை மாதிரித் தெரியும்.

ஒழுகலைப் பார்ப்பதும் சுலபம். ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த உடனே, பைப் சுடுவதற்குள், இணைப்பு இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் நுரை கட்டும். சில வண்டிகளில் அதுகூட வேண்டாம், இணைப்பைச் சுற்றிக் கறுப்பாகக் கரிக்கோடு போட்டிருக்கும்.

இனி வயர். ஆக்சிஜன் சென்சாரில் ஒற்றை வயர் வருவதும் உண்டு, உள்ளே ஹீட்டர் வைத்து நான்கு வயர் வருவதும் உண்டு. கப்ளர் பொருந்தாத சென்சாரை வாங்கிவந்து, பழைய கப்ளரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி மாட்டினார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் பேச்சே வேண்டாம், அந்த சென்சார் உங்கள் வண்டிக்கானது இல்லை. சென்சார் மரையிலோ பைப் இணைப்பிலோ சிலிகான் பேஸ்ட் தடவியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அதன் ஆவி பட்டால் புது சென்சாரும் கெட்டுப்போகும்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு சங்கதி உண்டு. உப்புக்காற்று. போன வருஷம் என் ஸ்கூட்டர் இதே மாதிரி மக்கர் செய்தபோது, இரண்டு பார்ட் மாற்றி மூவாயிரத்துக்கு மேல் தண்டம் அழுதேன். கடைசியில் காசிமேடு பக்கம் ஒரு பெரியவர் எதையும் மாற்றாமல் கப்ளரை மட்டும் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்ளே பித்தளைப் பின்னில் பச்சையாகக் களிம்பு. புளி போட்டுத் தேய்க்காத பூஜைச் சொம்பு மாதிரி இருந்தது. கிளீனர் ஸ்பிரே அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, காற்று ஊதி மாட்டினார். கூலி 100 ரூபாய். பட்டாளம், புளியந்தோப்பு என்று மழைத் தண்ணீரில் இறங்கி டெலிவரி கொடுக்கிற வண்டிக்கு இதை இன்னும் முதலிலேயே பார்க்க வேண்டும். கொதிக்கிற பைப்போடு தேங்கிய தண்ணீரில் இறக்கினால் சென்சாருக்குள் இருக்கும் பீங்கான் விரிசல் விடவும் கூடும்.

சரி, முதலிலேயே சென்சாரை மாற்றியிருக்க வேண்டுமா? ஸ்கேனரில் வந்த கோடு, அதாவது கோளாறு எண், என்ன என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பி 0131 என்று வந்திருந்தால், ஆக்சிஜன் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைவு என்று அர்த்தம். சென்சார் செத்தாலும் குறையும், வயர் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டாலும் குறையும், பைப் ஒழுகினாலும் குறையும். கோடு புகார் எழுதுகிறது, அவ்வளவுதான். விசாரணையை நாம்தான் செய்ய வேண்டும். விசாரணைக்கு நேரம் ஆகும், அதற்கு யாரும் லேபர் தருவதில்லை, அதனால் பார்ட்டை மாற்றிவிடுகிறார்கள். தப்பு அவர்கள் பேரில் மட்டும் இல்லை. "பார்த்துச் சொல்ல 200 ரூபாய்" என்றால் நாம்தான் முகம் சுளிக்கிறோம்.

அப்புறம் யார் பொறுப்பு என்ற கேள்வி. பார்ட்டை நீங்கள் வாங்கி, வேலையை வேறொருவர் செய்ததால் இவர் அவரைக் கை காட்டுகிறார், அவர் இவரைக் கை காட்டுகிறார். சோதனையில் கேஸ்கட் என்று தெரிந்தால் மெக்கானிக்கிடம் சண்டை போடாமல் சொல்லுங்கள், மாற்றித் தந்துவிடுவார். தெரு மெக்கானிக்கின் தயவு நமக்குத் தினமும் வேண்டும். சென்சார்தான் தப்பு என்றால் கடைக்குப் போங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று சுவரில் எழுதி வைத்தால் சட்டம் ஒதுங்கிவிடாது. 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. போன மாதம் வாங்கியது என்கிறீர்கள், நாளை எண்ணிப் பார்த்துச் சீக்கிரம் போங்கள். எஸ்டிமேட் சீட்டு, யுபிஐயில் பணம் போன விவரம், சென்சார் வந்த டப்பா, கழற்றிய பழைய சென்சார் நான்கையும் பத்திரமாக வையுங்கள். கடைக்காரரிடம் பேசியதை அன்றைக்கே வாட்ஸ்ஆப்பில் ஒருமுறை எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், காசு இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடலாம், கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஆணையத்திலேயே போடலாம். வட சென்னைக்குத் தனி ஆணையம் இருக்கிறது. "டெலிவரி வண்டி, வியாபாரத்துக்கு ஓடுவது, நீ நுகர்வோரே இல்லை" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வியாபாரக் கணக்கில் சேராது என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் ஒன்று, 1,850 ரூபாய்க்காக ஆணையத்துக்கு நாலு நடை நடந்தால் நாலு நாள் சம்பளம் போகும். நானாக இருந்தால் 1915-உடன் நிறுத்திக்கொள்வேன்.

கேள்வி: அப்பாவின் ஸ்கூட்டருக்கு சர்வீஸ் சென்டரில் த்ராட்டில் பொசிஷன் சென்சார் மாற்றினார்கள். அதிலிருந்து ஐட்லிங் தானாக ஏறி ஏறி இறங்குகிறது. "200 கிலோமீட்டர் ஓட்டுங்க மேடம், செட் ஆயிடும்" என்கிறார்கள். நம்பலாமா? (ராயபுரம் வாசகி)

பதில்: பாதி நம்பலாம். ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்வதுதான் அந்த சென்சார். அதை மாற்றினால், ஆக்சிலேட்டர் முழுக்க மூடியிருக்கும் நிலை எது என்று ஈசியூ புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பேட்டரியைக் கழற்றினாலும் சில மாடல்களில் பழைய பாடம் மறந்துபோகும். சில வண்டிகளில் இன்ஜின் சூடாகும் வரை ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐட்லிங்கில் விட்டாலே போதும், சிலவற்றில் ஸ்கேனரை மாட்டி ரீசெட் கொடுத்தால்தான் ஆகும். அந்த ரீசெட்டைச் செய்தார்களா என்று கேளுங்கள். செய்திருந்தால் 200 கிலோமீட்டர் காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டு நாளில் தெரிந்துவிடும். "ஐட்லிங் ஏறி இறங்குகிறது" என்று ஜாப் கார்டில் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாய் வார்த்தையாக விட்டால் அடுத்த தடவை அது புதுப் புகார் ஆகி, புது லேபர் ஏறும். கழற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் மாற்றியது என்றால் அது கம்பெனிக்குத் திரும்பப் போகும், தர மாட்டார்கள். நீங்கள் காசு கொடுத்து மாற்றியது என்றால் பழசு உங்களுடையது.

கேள்வி: ஆன்லைனில் அதே சென்சார் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது, படத்தில் அப்படியே இருக்கிறது. வாங்கலாமா? (எண்ணூர் வாசகர்)

பதில்: படத்தை மாட்ட முடியாது. பார்ட் நம்பரைப் பாருங்கள். உங்கள் வண்டியில் இருக்கும் சென்சார் மேலேயே பொறித்திருக்கும், கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும். டப்பா வந்ததும் பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுங்கள். அதன்மேல் எம்ஆர்பி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர் முகவரி, மாதம் வருஷம், புகார் சொல்ல எண், வெளிநாட்டுப் பொருளானால் எந்த நாடு என்பது, இவ்வளவும் அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் பபிள் ராப்பில் சுற்றி வந்தால் மாட்டிப் பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள். ஒருமுறை பைப்பில் முறுக்கிவிட்டால் மரையில் தடம் விழும், அதற்குப் பிறகு "யூஸ் பண்ணிட்டீங்க" என்பார்கள்.