வாரத்துக்கு இருபது பவுண்டு

கேள்வி: 1950-களில் இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களில் ஆடிய கால்பந்து வீரர்கள் வசதியாக வாழ்ந்தார்களா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இல்லை. எவ்வளவு பெரிய வீரரானாலும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்பதே 1958-இல் இருந்த விதி; கீழ் டிவிஷன்களில் பலருக்கு அதுவும் எட்டவில்லை. ஆட்டமில்லாத கோடை மாதங்களில் சம்பளம் மேலும் குறையும் என்பதால், வேறு வேலைக்குப் போனவர்கள் உண்டு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் விடுவிக்காவிட்டால் வீரர் வேறு கிளப்பில் சேர முடியாது என்பதுதான், என் பார்வையில், இதைவிடப் பெரிய அநீதி. ஊதிய வரம்பு 1961-இல் நீங்கியது; 1963-இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரரின் வழக்கில் நீதிமன்றம் அந்தப் பிடியையும் தளர்த்தியது.

அன்றைய பந்து, கயிற்றால் இழுத்துக் கட்டிய தோல் பந்து. ஐப்பசி மழையில் ஊறிய தோல் செருப்பைக் கையில் தூக்கிப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு, அதைத் தலையால் முட்டுவது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் கீழ் டிவிஷன்களில் ஆடிய ஆர்தர் ரவுலியை அவசியம் அறிந்துகொள்ளுங்கள். 1958-இல் ஷ்ரூஸ்பரி டவுன் கிளப்புக்கு ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் வந்து, முதல் பருவத்திலேயே அணியை நான்காம் டிவிஷனிலிருந்து உயர்த்திய அவர், இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் மொத்தம் 434 கோல்கள் அடித்தார். அந்தச் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. ஆனாலும் இங்கிலாந்தின் முதன்மை அணியில் அவருக்கு ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை.